கதவைத் திறந்தால் அளவு கெட்டுவிடும்

வயர் விஷயத்தில் நான் கொஞ்சம் சுத்தக்காரன், ஐயா. சிவப்பு மின்சாரத்துக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் சென்சார் சொல்லும் சேதிக்கு. கவனமில்லாத ஆள் என்று என்னை யாரும் எழுதிவிடக் கூடாது.

நான் செய்தது, வீட்டுக்குள் விஷவாயு பரவினால் அலறும் பெட்டி. வேலை போன பிறகு அதுவே என் வேலை. பால் பொங்கினால் அலறும். அலற வேண்டிய நேரத்தில் மௌன விரதம் இருக்கும். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணனை வரவழைத்தாள்.

மச்சான் தண்ணீர் கேட்பதே மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். சாப்பிட்ட கையோடு பெட்டியைத் தட்டினார்.

"என்ன மாப்ளே, இது கத்துமா, இல்ல உங்கள மாதிரி சும்மா உக்காந்திருக்குமா? சாயங்காலம் தங்கச்சியக் கூட்டிட்டுக் கிளம்பறேன். கத்துனா சொல்லியனுப்புங்க."

சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அவள் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"இன்னும் ஒரே ஒரு நாள் குடும்மா" என்றேன்.

"எத்தனை ஒரே ஒரு நாளுங்க?"

சாயங்காலத்துக்குள் அது கத்தியாக வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தேன், ஈயம் வைத்தேன். பெட்டி கூடத்தில், வயர் போய்ச் சேரும் சென்சார் மட்டும் மச்சான் தூங்கிய அறையில். வாயு இல்லாமல் வாயு சென்சாரை எப்படிச் சோதிப்பது? கனன்ற கரியை ஒரு சட்டியில் கொண்டுபோய் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். ஜன்னலை அவரே சாத்தியிருந்தார். அது என் கணக்கில் வராது.

சென்சார் அளக்கும் வாயுவின் எண் ஃபோனில் தெரியும்; வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எண் அசையவில்லை. விவரம் தெரியாதவன் கதவைத் திறந்திருப்பான். திறந்தால் அளவு கெட்டுவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் வயர் பக்கத்துத் துளையில் செருகியிருந்தது. மனிதன்தானே, கை தவறும்.

உள்ளே இருமல். பிறகு "மாப்ளே" என்றார், மேடைக் குரல் இல்லாமல். நான் ஈயம் உருக்கும் கம்பியைச் சூடாக்கினேன்.

"அண்ணன் எழுந்திருச்சிட்டாரா?" என்று அவள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"அசந்து தூங்கறாரு. எழுப்பாத."

வயரைப் பிடுங்கி, சரியான துளைக்கு மாற்றி, ஈயம் வைத்தேன். அவசரப்படவில்லை, அவசரத்தில் வைத்த ஈயம் நிற்காது. பெட்டி அலறியது பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைத் திறந்தது அவள்தான்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பெட்டி கத்தியதையும் சேர்த்து எழுதுங்கள். அவளே காதால் கேட்டாளே. இனி என்னை விட்டுப் போக அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?