நேராக வெட்டிய முள்

மதிப்புக்குரிய தீவுத் தலைவர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, மழையோடு மழையாக வந்து இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் என் சொந்தங்களே! எல்லோருக்கும் வணக்கம்.

மறைந்த எட்வினா ரோஜர்ஸ் அம்மையாரைப் பற்றி லாம்பர்ட் பேசுவானா என்று பின்வரிசையில் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. பேசுவேன். அந்த அம்மையாரை இந்தத் தீவில் அதிகமாகத் திட்டியவன் நான்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முப்பத்தொரு வருடம் அவர் செய்த வேலை என்ன? பக்கத்து நைட்டிங்கேல் தீவுக்குப் படகில் போவார். கடலிலிருந்து ஏறிவரும் பெங்குவினைப் பிடிப்பார். தொண்டையில் ரப்பர் குழாயை விட்டு, வெதுவெதுப்பான கடல்நீரை ஊற்றி, வாளிக்கு மேல் தலைகீழாகக் கவிழ்ப்பார். வருவதையெல்லாம் சல்லடையில் அலசி எண்ணுவார். கூனி இறால் இத்தனை, குட்டிக் கணவாய் இத்தனை, பொடிமீன் இத்தனை. பெங்குவின் என்ன தின்கிறது என்று தெரிந்தால்தான் கடலில் என்ன குறைகிறது என்று தெரியும். அழகான வேலையா? நாற்றம் பிடித்த வேலை! தேவாலயத்தில் அவர் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது.

அந்த வாளியில் விழுவது குஞ்சுக்குக் கொண்டுபோகும் சாப்பாடு. அது அவருக்குப் பொறுக்கவில்லை. "குஞ்சு வாயிலேருந்து புடுங்கிட்டோமே, பாவம்" என்று சொல்லி, தன் பையிலிருந்து ஐவிரல் மீனை வெட்டி, துண்டு துண்டாக அந்தப் பறவைக்கே ஊட்டி அனுப்புவார். சிங்கி இறால் பிடிக்கும் கூட்டுக்குள் நாங்கள் இரையாக வைக்கிற அதே மீன்.

பதினான்கு வருடத்துக்கு முன் அவர் ஓர் அறிக்கை கொடுத்தார். பெங்குவின்கள் கரையோர ஐவிரல் மீனைத் தின்கின்றன, நாம் அதை அள்ளினால் குஞ்சுகள் பட்டினி கிடக்கும் என்றார். தீவுச் சபை என்ன செய்தது? யாரும் அங்கே பிடிக்கக் கூடாதென்று நைட்டிங்கேல் கரையை ஒரு பருவம் முழுக்க மூடியது. சிங்கி இறால் பிடிக்க நாங்கள் மேற்குப் பக்கம் போனோம். அங்கே என் படகு பாறையில் மோதிப் பிளந்தது. என் தம்பி வில்மருக்கு இடுப்பு போனது. இதோ, முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறான்.

பருவம் முடிகிற நேரம். இதே கூடம். இதே இடத்தில் அந்த அம்மையார் எழுந்து நின்றார். கையில் பெங்குவின் வயிற்றிலிருந்து வந்த மீன்முள் போட்ட ஒரு சின்னக் குப்பி.

"இதுல இருக்கிற முள்ளு எல்லாம் நேரா வெட்டுப்பட்டிருக்கு. பெங்குவின்கிட்ட கத்தி ஏது? நான் ஊட்டின மீனுதான். ஒரே பறவைய மறுபடி மறுபடி புடிச்சிருக்கேன். தப்பு என்னோடது. கரையைத் திறந்து விடுங்க."

வில்மரிடம் போய், "மன்னிச்சுக்கப்பா" என்றார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும்தான். வாசலில் வைத்து வாய்க்கு வந்தபடி கேட்டேன்.

"ஏன் அக்கா, உனக்கு உசிரே பெங்குவின்தான? கரை மூடியே கெடந்தா உனக்கு நல்லதுதான? வாய மூடிட்டு இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"அடுத்த வருஷம் நான் வேற ஒண்ணு சொல்லுவேன் லாம்பர்ட். அத நீ நம்பணும்ல?"

அடுத்த வருடமே அது வந்தது. சிங்கி குறைந்தது. பெங்குவின்தான் சிங்கிக் குஞ்சைத் தின்று தீர்க்கிறது, அதன் முட்டைகளை ஒன்று விடாமல் எடுத்துவிடுவோம் என்று கிளம்பினோம். கிளப்பிவிட்டதே நான்தான்! அம்மையார் நானூறு வயிற்றுக் கணக்கோடு வந்தார். "ஒரு சிங்கிக் குஞ்சுகூட இல்ல" என்றார். யார் எதிர்த்தோம்? ஒருவரும் இல்லை. முதலில் கை தூக்கியவன் வில்மர். "தன் தப்பையே சொன்ன பொம்பள, இதுல ஏன் பொய் சொல்லப்போவுது?" என்றான். இன்று நைட்டிங்கேலில் பெங்குவின் இருக்கிறதென்றால், அந்த ஒரு வாக்கியத்தால் இருக்கிறது.

அதன்பிறகு ஊட்டுவதை நிறுத்தினாரா? நிறுத்தவில்லை! ஆட்டுக்கு அடையாளம் போடும் சிவப்புச் சாயத்தை முதலில் நெஞ்சில் பூசுவார், அப்புறம் ஊட்டுவார். சாயம் உள்ள பறவையை அந்தப் பருவத்தில் மறுபடி தொடமாட்டார். "முள் இல்லாம கொடுத்தா வம்பே இல்லையே அக்கா" என்று ஒருமுறை கேட்டேன். முறைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் அந்தக் குழாயையும் சாய டப்பாவையும் என் மடியில் வைத்தார். எதற்கு என்னிடம் என்று கேட்டேன். "நீதான் என்னை நம்பாதவன். தப்பு தேடுற கண்ணு உனக்குத்தான் இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

சொந்தங்களே! நாளை கடல் அடங்கினால் படகு இறக்கலாம் என்று மணி அடிக்கும். நீங்கள் சிங்கிக்குப் போங்கள். என் படகு நைட்டிங்கேலுக்குப் போகும். பறவையைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். கடிக்கும், நாறும், இப்போதே சொல்லிவிடுகிறேன். வில்மர் கைத்தடியைத் தூக்கிக் காட்டுகிறான். சரி, இன்னும் ஒருவர் போதும்.

எட்வினா அக்கா! முதலில் சாயம் பூசுவேன். அப்புறம்தான் ஊட்டுவேன். மீனை முள்ளோடுதான் கொடுப்பேன், முள்ளை நேராகத்தான் வெட்டுவேன். நான் தப்பு செய்தால், அதைக் கண்டுபிடிக்க இந்தத் தீவுக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.