அப்பாவுக்குத் தெரியாத மொழி

நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். ஆசிரியர் அறையில் இந்த மின்விசிறி பேருக்குத்தான் சுற்றுகிறது.

நீங்கள் சந்தேகப்படும் அந்தச் சின்ன டீச்சருக்கு இதைச் செய்யும் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. வந்த வருடமே என் வகுப்பைத் தூக்கி அவளிடம் கொடுத்தார்கள். எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளை உட்காரவைத்து ஆங்கிலம் புகட்டியவள் நான். இவள் வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, மனதில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், நம் வகுப்பைத் தவிர யாரும் படிக்க முடியாது என்றாளாம். பிள்ளைகள் எழுதித் தள்ளின. தலைமையாசிரியர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். எனக்கு வயிறு எரிந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பில் போனபோது கடவுச்சொல்லை என்னிடம்தான் கொடுத்தாள். "அக்கா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி பதில் மட்டும் போட்டுடுங்க. யாரோ படிக்கிறாங்கன்னு தெரிஞ்சாதான் எழுதுவாங்க."

படித்தேன். என் வகுப்பில் இரண்டு வருடம் வாயே திறக்காத ஒரு பெண் என்னைப் பற்றி எழுதியிருந்தாள். எனக்குப் பட்டப்பெயர் கசாயமாம். கீழே வகுப்பே சிரித்திருந்தது. நன்றாக எழுதியிருந்தாள், அதுதான் பொறுக்கவில்லை.

அவளுடைய அடுத்த பதிவு வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் அம்மாவும் அவளும் சித்தி வீட்டுக்குப் போகிறார்கள், திரும்பி வரமாட்டார்கள். தெரிந்தால் அப்பா உயிரோடு விடமாட்டார் என்றும் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறாள். கட்டுரை என்றால் பிள்ளைகள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதும். ஆனாலும் வெயில் காலத்திலும் அவள் முழுக்கைச் சட்டை போட்டு வந்தது ஏன் என்று எனக்குத் தெரியும். கை கழுவும்போது ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

பெற்ற தகப்பனுக்குத் தெரியாமல் வீட்டு விஷயத்தை ஊரிடம் சொல்லலாமா? பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் வசதி அந்த வலைப்பூவிலேயே இருந்தது; சின்ன டீச்சர் பெயரில்தான் போகும். அந்தப் பதிவை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டு, இணைப்பை அவருக்கு அனுப்பினேன். பாவம், அவருக்குப் புரிய வேண்டுமே என்று மொழிபெயர்த்தும் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. அம்மா வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தாள். பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் பேச்சு வரவில்லை என்கிறார்கள்.

வலைப்பூவைப் பூட்ட மறந்தது தன் கவனக்குறைவுதான் என்று சின்ன டீச்சர் உங்களிடம் அழுதாளாமே. தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். கவனமாக, ஒரு வார்த்தை பிசகாமல் செய்தது நான்.

வகுப்பு மறுபடி என்னிடம் வந்துவிட்டது. வேண்டுமானால் வந்து பாருங்கள். நான் உள்ளே நுழைந்தால் ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை. அது பயம் இல்லை, இன்ஸ்பெக்டர். என் அருமை இப்போதுதான் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.