பெயருக்குக் கீழே போடும் வரி

ஏனாத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மனநோய் ஆராய்ச்சிப் பத்திரிகையில என்னையும் ஒரு எடிட்டரா போட்டுட்டாங்கடி," என்றார் அக்கா. "இனிமே டாக்டருங்க எழுதி அனுப்புறதப் போடலாமா வேணாமான்னு நானும் சொல்லணும்."

"சூப்பர்க்கா! ஆனா மத்தவங்க பேருக்குக் கீழ டாக்டர் பட்டம் இருக்குது. உனக்கு இன்னா போடுவாங்க?"

"மனநோய்க்கு ஆஸ்பத்திரியில சேர்ந்து குணமானவங்கன்னு. நான்தான் அப்படியே போடச் சொன்னேன்."

தங்கையின் குரல் இறங்கியது. "ஐயோ, எடுக்கச் சொல்லுக்கா. ஞாயித்துக்கெழம என்னைப் பொண்ணு பாக்க வராங்க. தெரிஞ்சா வருவாங்களா?"

"நேத்தே மாப்பிள்ளையோட அம்மாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! இன்னா சொன்னாங்க?"

"மெதுவா, 'எங்க பெரிய பொண்ணும் அந்த மாதிரி மாத்திரைதான் சாப்ட்டுக்கினு இருக்குதும்மா. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஞாயித்துக்கெழம அவளையும் கூட்டிக்கினு வரோம். நீங்க கண்டிப்பா வீட்ல இருக்கணும்'னாங்க."

தங்கை அக்காவின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"அப்ப அவங்க பொண்ணு பாக்க வரலக்கா, எடிட்டரப் பாக்க வராங்க! பட்டுப் பொடவைய நீ கட்டிக்கோ."