ஆயிரம் டிகிரி போதும்

நீங்கள் டீ கொடுத்த இந்தக் கோப்பை நல்ல கோப்பை. நகத்தால் தட்டினால் கணீரென்கிறது, பாருங்கள். சுட்டவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

எங்கள் பட்டறையிலும் இப்படித்தான் ஆயிரத்து இருநூற்று இருபது டிகிரியில் சுடுவோம். அந்தச் சூட்டில்தான் எங்கள் மண் இறுகும், மேல்பூச்சு உருகிக் கண்ணாடியாகி மண்ணோடு ஒட்டும். குறைத்தால் அரைவேக்காடு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டாம். என் தங்கை புருஷனுக்குச் சின்ன மூளையும் இல்லை.

மெத்தை விற்றுக்கொண்டிருந்தவர். அப்பா கண்ணை மூடியதும் தங்கையின் பங்கைச் சொல்லிக்கொண்டு வந்து முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த வேகத்தில் கேஸ் பில்லைத் தூக்கிக்கொண்டு சூளைக்கே வந்துவிட்டார்.

"எதுக்கு மச்சான் இவ்வளவு சூடு? ஆயிரம் போதும். அதுவும் நெருப்புதானே?"

பூச்சு உருகாது என்றேன். வேலையாட்கள் எதிரில் சிரித்தார்.

"உருகுற மாதிரி ஒண்ணு கலந்து குடுங்க. அதுக்குத்தானே இருக்கீங்க?"

கலந்து கொடுத்தேன். ஈயம் சேர்த்தால் ஆயிரத்திலேயே உருகும். மஞ்சள் பளபளவென்று வரும். ஆனால் புளிப்பாக எதை ஊற்றினாலும் அந்த ஈயம் அதில் இறங்கும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்காதவருக்குப் பாடம் நடத்த எனக்கென்ன வேண்டுதலா? கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தானே கண்டுபிடித்தது போல் பூரித்துப்போனார். அடியில் தன் பெயரை முத்திரை குத்தச் சொன்னார். அதையும் செய்தேன்.

பக்கத்துத் தெரு மழலையர் பள்ளி மொத்தமாக வாங்கியது. பிள்ளைகளுக்குத் தினமும் பழச்சாறு கொடுப்பார்களாம். அப்படியானால் அதிக நாள் ஆகாது என்று நினைத்தேன். சூடு என்றால் என்னவென்று அந்த மனுஷன் கோர்ட்டில் நின்று தெரிந்துகொள்ளட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்தது, முகம் வெளுத்தது. தண்ணீரைச் சோதித்தார்கள், சுவர் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். கோப்பைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. பிறகு ஒரு சிறுமி வலிப்பு வந்து இறந்துபோனாள். வருத்தம்தான். ஆனால் அதற்குப் பிறகுதானே கோப்பையை எடுத்துப் பார்த்தார்கள்.

அவரை ஜீப்பில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே கலந்தீங்க மச்சான், சொல்லுங்களேன்."

"நீங்க சொன்ன சூடுதானே, மாப்பிள்ளை" என்றேன்.

தங்கை மகளும் இறந்துபோன சிறுமியின் வகுப்புதான், அவள் ரத்தத்தில் மட்டும் ஏன் ஈயம் இல்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவளுடையதை மட்டும் பழைய பூச்சில், பழைய சூட்டில் நானே தனியாகச் சுட்டேன். பார்வைக்கு அதே மஞ்சள். வேறு பிள்ளை மாற்றி எடுத்துவிடக் கூடாதே என்று அவள் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர், சார்.