காதை வெளியே திருப்பியவர்

குறிஞ்சிப்பாடி போகும் பஸ்ஸில், மதிய வெயிலில், என் பின் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதும், நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றதும் வடக்குத்து தாண்டுவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

"கவுன்சிலிங் போனதுலேர்ந்து நல்லா தூங்குறீங்க. பயம் போயிடுச்சா?"

"போயிடுச்சு. நெஞ்சுக்குள்ளயே காத வச்சிக்கினு இருக்காதீங்க, வெளிய கேக்குற சத்தத்த கவனிங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்பிடியே செய்யறேன். இப்ப என் நெஞ்சு சத்தம் கேக்கறதே இல்ல."

"நல்லதுதானே?"

"மத்தவங்களுது கேக்குது."

மனைவி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"பெல்ட் ஓரமா நடந்துகினே போவேன், எந்த ரோலர் ஜாம் ஆவப்போவுதுன்னு சத்தத்துலயே தெரியும்ல? அதே மாதிரி. எதுத்த வீட்டுக்காரர் தவறிப் போறதுக்கு மொத நாளே கேட்டுச்சு."

"சும்மா இருங்க. பஸ்ல வந்துகினு என்ன பேச்சு இது."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"முன் சீட்டுல இருக்கறவருகிட்ட சொல்லிடலாமா?"

"வேணாங்க. உங்களுக்கு இருந்த பயம் அவருக்கு வந்துடும்."