அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன நர்ஸ்

1934-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ந் தேதி செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, மயிலாப்பூர் போலீஸ் ஸ்டேஷனில், சப்-இன்ஸ்பெக்டர் ராஜகோபாலன் முன்பு சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் சவேரியம்மாள். வயது இருபத்தாறு. காலஞ்சென்ற ஞானப்பிரகாசத்தின் மகள். கத்தோலிக்க மதம். சொந்த வீடு சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் இருக்கிறது. இப்போது குடியிருப்பது பெண்கள் ஆஸ்பத்திரியின் நர்ஸ் விடுதியில். ஐந்து வருஷமாக அங்கே நர்ஸாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. எழுதப் படிக்கத் தெரியும்.

என் அண்ணன் மிக்கேல் கொடுத்த பிராதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எங்கள் அம்மா அந்தோணியம்மாளை நான் பலவந்தமாகத் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்திருப்பதாக அதில் கண்டிருக்கிறது. தூக்கிப் போனது உண்மை. பலவந்தமும் கொஞ்சம் உண்டு. அடைத்து வைத்தது பொய். பிராது நிலைத்தால் என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுவதாக எங்கள் தலைமை நர்ஸான மேட்ரன் சொல்லியிருப்பதால், நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

சென்ற மாதம் 24-ந் தேதி, அம்மா சாகக் கிடப்பதாக அண்ணன் ஆள் அனுப்பினான். நான் ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு, தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் வீட்டில் இல்லை. அம்மா தலையில் துணி கட்டிப் பாயில் படுத்திருந்தாள். சாகக் கிடக்கிறவள் வீட்டு அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. ஜுரம் பார்த்தேன், இல்லை. அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஒண்ணும் இல்லடி. உன்னிய பொண்ணு பாக்க வராங்க. கூப்ட்டா நீ வர மாட்டேன்னு உங்கண்ணன்தான் என்னியப் படுக்க சொன்னான்" என்றாள்.

எனக்கு மகா கோபம் வந்தது. ஆனாலும் பழக்க தோஷத்தில் கை அவள் நாடியைப் பிடித்துவிட்டது. நாடி தாறுமாறாக ஓடியது. அதன் பிறகு கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. கணுக்காலை அழுத்தினேன், விழுந்த குழி நிரம்ப வெகுநேரம் பிடித்தது. கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. உடனே பக்கத்து வீட்டு முத்தம்மாவை ஒரு கை பிடிக்கச் சொல்லி அம்மாவை ஜட்கா வண்டியில் ஏற்றினேன். "கோழி அடுப்புல கீதுடி!" என்று அவள் தெருமுனை வரை கத்தியது வாஸ்தவம். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரப் போயிருந்த அண்ணன் அவர்களோடு வந்து காலி வீட்டைப் பார்த்திருக்கிறான். அவனுக்கு அது அவமானந்தான்.

அம்மாவுக்குச் சோகை முற்றி இருதயம் தளர்ந்திருப்பதாகவும், மூன்று வாரமாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார்கள். சொந்தக்காரர் இருக்கும் வார்டில் நர்ஸுக்கு டூட்டி போடுவதில்லை என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. அதனால் இரண்டாம் வார்டில் அம்மாவைக் கவனித்தது செண்பகம் என்ற நர்ஸ். நான் முற்றத்துக்கு எதிரே மூன்றாம் வார்டில் இருந்தேன். அங்கே அஸ்மத்துன்னிசா என்ற வயதான அம்மாளுக்குக் கை விளங்காததால் நான்தான் கஞ்சி ஊட்டுவேன். என் அம்மா ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். டூட்டி ஒழியாமல் ஒரு வாரம் கழித்து நான் பார்க்கப் போனபோது அழுதுவிட்டாள். "யார் யார் அம்மாவுக்கோ கஞ்சி ஊட்டுற. பெத்தவள எட்டிப் பாக்க உனக்கு நேரம் இல்ல. இந்த வேலை வேணாம், உட்டுட்டு வந்துடுடி" என்றாள். அண்ணனோடு என்னால் சண்டை போட முடியும், அம்மா அழுதால் முடியாது. சரி, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அது மூன்று நாள் என் பையிலேயே இருந்தது. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி என்ன இருக்கிறது இந்த வேலையில் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்குச் சொல்வது: விடுதிச் சாம்பார் வாயில் வைக்க முடியாது. மாலையானால் கால் வீங்கிவிடும். கூட வேலைக்குச் சேர்ந்த ஆறு பேரில் நாலு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஆனால் தூக்கி வரப்பட்டவர்கள் தாங்களே நடந்து வீட்டுக்குப் போவார்கள். போகிற அவசரத்தில் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த மாதம் 3-ந் தேதி சனிக்கிழமை காலை, கடிதத்தை மேட்ரனிடம் கொடுக்கப் போகும் வழியில் இரண்டாம் வார்டு வாசலில் நின்றேன். செண்பகம் அம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டே, திருவான்மியூரில் தனக்கு வரன் அமைந்திருப்பதாகவும், மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொல்வதாகவும், அடுத்த வாரமே நின்றுவிடப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னாம்மா இப்படி சொல்ற? நீ பூட்டா என்னிய யாரு பாத்துக்குவா? உடச் சொல்றவங்களுக்கு இன்னா, அவங்களா இங்க வந்து படுத்துக்கினு கீறாங்க?" என்று சத்தம் போட்டாள். அப்போதுதான் அம்மா வாசலில் என்னைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

பிறகு, "கடுதாசி குடுத்துட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, குடுக்கத்தான் போறேன்" என்றேன்.

"குடுக்காத. அந்த பாய் வூட்டம்மா கஞ்சிக்குக் காத்துக்கினு கீது, போ."

நான் முற்றத்தைத் தாண்டிப் போய்க் கஞ்சி ஊட்டினேன். கடிதத்தை அன்று மத்தியானம் அடுப்பில் போட்டேன்.

மறுநாள் அண்ணன் வந்து கூப்பிட்டபோது, உடம்பு தேறாமல் வரமாட்டேன் என்று அம்மாவே அவனிடம் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்ததாக அவன் நினைத்துவிட்டான். சந்தேகம் இருந்தால் அம்மாவை நேரில் விசாரிக்கலாம். இரண்டாம் வார்டு, ஏழாம் கட்டில். பார்வை நேரம் நாலு மணி முதல் ஆறு வரை. அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்று அவன் என்னை ஏமாற்றிக் கூப்பிடாமல் இருந்திருந்தால் அம்மா எங்களுக்கு இல்லை.

வருகிற 14-ந் தேதி அம்மாவை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். அவள் வீட்டுக்குப் போவாள். நான் போகமாட்டேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம். இரண்டு மணிக்கு டூட்டி இருப்பதால் போக உத்தரவு கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ஞா. சவேரியம்மாள், நர்ஸ்