மெதுவாக இறங்கும் பெடல்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது சார். ஒரு அட்டையை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தால் நின்றுவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒர்க்‌ஷாப்பிலேயே காலம் தள்ளியவன் நான். ஆடுகிற பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

மலைப்பாதையில் நடந்த விபத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். காரை ஓட்டியது என் தங்கை. தன் கால் தவறியதால்தான் புருஷன் செத்தார் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். ஊரும் அப்படித்தான் வாய் கூசாமல் பேசுகிறது. அந்தப் பழி அவளுக்கு வேண்டாம். அவளுக்காகத்தான் வந்திருக்கிறேன், எனக்காக இல்லை.

மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நல்ல மனிதர். என்னை மச்சான் மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அப்பா அம்மா போனபிறகு தங்கையை வளர்த்தவன் நான். கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் இருந்தாள். தினமும் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, என் கையில் இருக்கும் கிரீஸைத் திட்டிவிட்டுப் போவாள். அது போதும் எனக்கு. திடீரென்று மாப்பிள்ளை, சொந்த ஊருக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன், அதனால் கேட்கவில்லை போலிருக்கிறது.

அந்த வாரம் காரைக் கொண்டுவந்து விட்டார். பிரேக்கில் ஏதோ சந்தேகம் என்றார். பானெட்டைத் திறந்தேன். டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்திருந்தது. பெடலை அமுக்கினால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் வெளியே காய்ந்து சுத்தமாக இருந்தது. அவசரக்காரன் அதோடு விட்டுவிடுவான். நான் நட்டைக் கழற்றி, சிலிண்டரை முன்னால் இழுத்து, பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் போயிருந்தன. ஆயில் கசிந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

திரும்ப மாட்டிவிட்டு, அவரை உள்ளே உட்கார்ந்து பெடலை மெதுவாக அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

"மச்சான், கால் உள்ள போயிக்கிட்டே இருக்கே?" என்றார்.

புது சிலிண்டர் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"நீங்க மட்டுமா போறீங்க மாப்ள?"

"ஆமா, முதல்ல நான் போய் வீட்டப் பாத்துட்டு வர்றேன். அவ சாமான் கட்டட்டும்."

"அப்படி மெதுவா அமுக்கினா கால் போகத்தான் செய்யும். ரெண்டு தடவ படக்கு படக்குன்னு அடிச்சுப் பாருங்க."

அடித்தார். பெடல் நின்றது. வாஷர் போன சிலிண்டரும் அப்படி அடித்தால் நிற்கும்.

"இப்ப கல்லு மாதிரி நிக்குது. நான்தான் சும்மா பயந்துட்டேன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆயிலை நிரப்பிக் கொடுத்தேன்.

நான் எதையும் கெடுக்கவில்லை சார். கெட்டுப்போனதைக் கெட்டபடியே விட்டேன். சமவெளியில் அது பல நாள் ஓடும். மலை இறக்கத்தில் யாரும் படக்கென்று அடிப்பதில்லை, மெதுவாக அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது அந்தக் கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டும் இடத்தில் தங்கை. பக்கத்தில் மாப்பிள்ளை, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"இவருக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்லண்ணா. நானே ஓட்டிக்கிட்டுப் போறேன். வீட்ட நானும் பாத்த மாதிரி இருக்கும். வண்டி சரியா இருக்குல்ல?"

பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்தேன். அதை மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். இறங்கு என்று சொல்லியிருக்கலாம். சாவியைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பாள். நேற்றே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அதன்பிறகு என் முகத்தில் விழிக்கமாட்டாள். பிரேக் பிடிக்காவிட்டால் விட்டு விட்டு அடி என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு பாப்பா. பாத்துப் போயிட்டு வா."

அவர் உட்கார்ந்திருந்த பக்கம் பாறையில் மோதியது. அவள் தப்பித்தாள். உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. சிலிண்டரை யாரும் தேடவில்லை.

தங்கையை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். அந்த மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். சாப்பிடும்போது மட்டும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"நான் பிரேக்கத்தான் அமுக்கினேண்ணா. கடைசிவரைக்கும் அமுக்கினேன். கால் உள்ள போயிக்கிட்டே இருந்துச்சு."

"பதட்டத்துல கால் மாறியிருக்கும் பாப்பா. விடு, சாப்பிடு."

சொல்லச் சொல்ல அவளும் நம்பிவிட்டாள். நம்பியபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

இப்போது அவளுடைய நாத்தனார், மலைக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக்கே வந்துவிடும்படி கூப்பிட்டிருக்கிறாள். தம்பியைப் பறிகொடுத்தவள், அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் கூப்பிடுகிறாள். தங்கை பெட்டி கட்டிவிட்டாள். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுதுண்ணா," என்கிறாள். நாளைக்குப் பஸ்.

அதனால்தான் இன்றைக்கே வந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். கொலை என்றே எழுதுங்கள், மறுக்கமாட்டேன். ஒரே ஒரு உதவி. வழக்கு என்று வந்தால் அவள்தானே முக்கியமான சாட்சி? முடியும்வரை இந்த ஊரை விட்டு எங்கும் போகக்கூடாது என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சார். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.